ஐந்தரை மணிக் காப்பி: வாசகர் கேட்கிறார்கள், அக்கா பதில் சொல்கிறேன்

போன இதழில் ஒரு வரிதான் கேட்டிருந்தேன், காலையில் எழுந்ததும் அடுப்பில் முதலில் எதை வைக்கிறீர்கள் என்று. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காப்பியைப் பற்றியவை, அதிலும் பெரும்பாலும் "நேரமே இல்லை அக்கா" என்ற புலம்பல். அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டுக் காப்பிக் கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் ஒட்டுக்கடை போட்டுப் பல வருஷம் காப்பி ஆற்றியவள் நான், இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

கேள்வி: அக்கா, நாங்கள் குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறோம். காலை 5.40க்குப் பேக்டரி பஸ் சடக்கு (சாலை) முனைக்கு வந்துவிடும். அதற்குள் வீட்டுக்காரருக்குக் கோப்பி ஓ (பால் இல்லாத கறுப்புக் காப்பி), மாமியாருக்குப் பால் காப்பி, பிள்ளைக்கு மைலோ, எனக்கு ஏதாவது ஒன்று. மாமியார் பில்டர் காப்பி தவிர வேறு குடிக்க மாட்டார். பட்டணத்துக் கடையில் கேப்சூல் போடும் காப்பி மெஷினைத் தவணைக்குத் தருகிறார்கள், பட்டனை அழுத்தினால் ஒரு நிமிஷத்தில் காப்பி என்கிறார்கள். வாங்கலாமா? இல்லையென்றால் சீக்கிரமாகக் காப்பி போட எது நல்ல வழி?
பேக்டரிக்குப் போகும் வாசகி, குளுவாங்

பதில்: மெஷின் வேண்டாம் தங்கச்சி. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உங்கள் வீட்டுக்கு ஏற்ற வழிக்கு வருகிறேன்.

ஒரு நிமிஷத்தில் காப்பி என்பது உண்மைதான், ஆனால் ஒரு கோப்பைக்குத்தான். முதலில் மெஷின் சூடாக வேண்டும், அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பேருக்கு, ஒவ்வொரு தடவையும் கேப்சூலை எடுத்துப் போட்டு வேறு வைக்க வேண்டும். பால் தனியாகக் காய்ச்சத்தான் வேண்டும். ஒரு கேப்சூலுக்குள் இருப்பது ஐந்து, ஆறு கிராம் பொடி. இனி கணக்கைப் பாருங்கள்: ஒரு நாளைக்கு மூன்று கோப்பை என்றால் மாதத்துக்கு 90 கேப்சூல், ஒன்று 2 வெள்ளி (ரிங்கிட்) என்றே வைத்துக்கொண்டாலும் மாதம் 180 வெள்ளி, தவணை அதற்கு மேல். அந்தப் பணத்துக்கு நல்ல காப்பிப்பொடி எத்தனை கிலோ வாங்கலாம் என்று உங்களுக்கே தெரியும். அதோடு அந்தக் கேப்சூல் காப்பியை உங்கள் மாமியார் பில்டர் காப்பி என்று ஒத்துக்கொள்ளப் போவதில்லை, அவருக்காக நீங்கள் எப்படியும் இன்னொரு பாத்திரம் வைக்கத்தான் போகிறீர்கள்.

காப்பி போட மொத்தம் எவ்வளவு நேரம் என்று பார்க்காதீர்கள். அதில் காலையில் உங்கள் கையைப் பிடித்து வைக்கும் நேரம் எவ்வளவு என்று பாருங்கள். இந்த ஒரு கணக்கை வைத்துத்தான் நான் எல்லா முறையையும் எடை போடுகிறேன். பில்டரில் டிகாஷன் இறங்க இருபது நிமிஷம், அரை மணி ஆகும், அதனால் அதை எல்லோரும் மெதுவான முறை என்கிறார்கள். ஆனால் அந்த அரை மணி ராத்திரி நீங்கள் பாத்திரம் கழுவும்போது ஓடிவிட்டால், காலையில் அதற்கு நேரமே கிடையாது. பாலைக் காய்ச்சி ஊற்றினால் முடிந்தது. அப்படிப் பார்த்தால் உங்கள் வீட்டில் மாமியாருடைய பில்டர்தான் எல்லாவற்றையும்விட வேகமானது.

ராத்திரி ஒன்பதரைக்கு, பில்டரின் மேல் பாத்திரத்தில் குவியலாக மூன்று மேசைக்கரண்டி பொடி போடுங்கள். குடை மாதிரி இருக்கிற தட்டை வைத்து லேசாக அழுத்துங்கள், இறுக்க வேண்டாம், இறுக்கினால் தண்ணீர் இறங்காது. கொதித்த தண்ணீரை அரை நிமிஷம் விட்டு 150 மில்லி ஊற்றி மூடிவிடுங்கள். படுக்கப் போகும் முன் கீழே இறங்கிய டிகாஷனை மூடியுள்ள ஒரு சின்னப் போத்தலில் ஊற்றி ஐஸ்பெட்டியில் வையுங்கள். மாமியாருக்கு இரண்டு நாளுக்கு வரும். நம் ஊர் வெக்கையில் வெளியே வைத்தால் விடிவதற்குள் வாசனை போய்விடும், அதனால்தான் ஐஸ்பெட்டி. காலையில் டிகாஷனை அடுப்பில் வைத்துச் சுட வைக்காதீர்கள், கசந்துபோகும். கொதிக்கும் பாலை அதன் மேல் ஊற்றுங்கள், அந்தச் சூடே போதும். பில்டர் ஓட்டை அடைத்துக்கொண்டால், எவர்சில்வராக இருந்தால், மேல் பாத்திரத்தை வெறுமையாக அடுப்புத் தீயில் கொஞ்சம் காட்டுங்கள், ஒட்டியிருக்கும் பொடி கருகி உதிர்ந்துவிடும்.

சரி, வீட்டுக்காரருக்குக் கோப்பி ஓ. அதற்குக் காப்பித் துணியை மிஞ்சிய சாமான் இல்லை, சீனக் காப்பிக் கடையில் முதலாளி தவுக்கே கையில் இருக்குமே, கைப்பிடி வைத்த நீளத் துணிப்பை, அதுதான். சந்தையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். உயரமான ஒரு பாத்திரத்தில் துணியைத் தொங்கவிட்டு, குவியலாக நாலு மேசைக்கரண்டி கோப்பிப் பொடி போட்டு, நன்றாகக் கொதிக்கிற தண்ணீர் 400 மில்லி ஊற்றி, ஒரு தடவை கிண்டிவிட்டு நாலு நிமிஷம் அப்படியே விடுங்கள். அந்த நாலு நிமிஷம் நீங்கள் அங்கே நிற்க வேண்டியதில்லை, பிள்ளைக்குத் தலை சீவலாம். அப்புறம் துணியைத் தூக்கி வடியவிட்டால் இரண்டு கோப்பை, அவருக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. புதுத் துணியை முதலில் வெந்நீரில் கொதிக்க வைத்துப் பசை வாடையைப் போக்குங்கள். சவர்க்காரம் மட்டும் எந்த நாளும் காட்டாதீர்கள், துணி அதைப் பிடித்துக்கொண்டு காப்பிக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். பச்சைத் தண்ணீரில் அலசி, காற்றுப் படும் இடத்தில் மாட்டுங்கள். ஈரமாகச் சுருட்டி மூலையில் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும், புளித்த வாடை வந்துவிட்டால் யோசிக்காமல் புதுசு வாங்குங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள், எந்தப் பொடிக்கு எந்தச் சாமான் என்பது. நம் கடைகளில் விற்கும் கோப்பி ஓ பொடி, கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுத்து அரைத்தது, அதனால்தான் அந்தக் கறுப்பும் அந்தக் கெட்டியும். அதைக் கொண்டுபோய்ப் பில்டரில் போட்டால் பிசுபிசுவென்று அடைத்துக்கொள்ளும், காலையில் எழுந்து பார்த்தால் மேலே தண்ணீர் அப்படியே நிற்கும். என் கடைக்கு வந்து "பில்டர் கெட்டுப்போச்சு" என்று சொன்னவர்கள் பலருக்கும் பில்டர் நன்றாகத்தான் இருந்தது, பொடிதான் மாறிப்போயிருந்தது. சிக்கரி கலந்த பில்டர் பொடியைத் துணியில் போட்டால் பாதகமில்லை, கொஞ்சம் மண்டி இறங்கும், அவ்வளவுதான்.

தண்ணீரிலும் நேரம் மிச்சம் பிடிக்கலாம். 2000 வாட் மின்சாரக் கெத்தில் (கெட்டில்) ஒரு லிட்டரைக் கொதிக்க வைக்க ஏறக்குறைய மூன்று நிமிஷம் எடுக்கும், அரை லிட்டருக்கு ஒன்றரை நிமிஷம் போதும். பழக்கதோஷத்தில் கெத்தில் நிறைய ஊற்றிவிட்டு அது கொதிக்கவில்லையே என்று பார்த்துக்கொண்டு நிற்கிறோம். வேண்டிய அளவை ராத்திரியே ஊற்றி வையுங்கள். 5.10க்குக் கெத்திலைத் தட்டிவிட்டு, பக்கத்து அடுப்பில் பாலை வைத்துவிட்டீர்கள் என்றால், 5.12க்குத் துணியில் தண்ணீர், 5.16க்குக் கோப்பி ஓ தயார், அதற்குள் பால் பொங்கி மாமியார் காப்பியும் பிள்ளை மைலோவும் முடிந்திருக்கும். பஸ்ஸுக்கு இன்னும் இருபத்து நாலு நிமிஷம். அதில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து உங்கள் காப்பியைக் குடியுங்கள். நின்றுகொண்டே பாதியைக் குடித்துவிட்டு மீதியைத் தொட்டியில் கொட்டும் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

கேள்வி: வணக்கம் அக்கா. ரெங்கத்தில் வாடகை அறையில் தனியாக இருக்கிறேன், ஷிப்டு வேலை. அடுப்பு வைக்க வீட்டுக்காரர் விடமாட்டார், கெத்தில் மட்டும் உண்டு. திரீ-இன்-ஒன் பாக்கெட் குடித்துக் குடித்துச் சலித்துவிட்டது. மோக்கா பாட், பிரெஞ்சு பிரஸ், ஏரோபிரஸ் என்று நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வாங்க?
ஷிப்டு இளைஞன்

பதில்: தம்பி, அடுப்பு இல்லை என்றபோதே மோக்கா பாட் போய்விட்டது. அது 1933இல் இத்தாலியில் பியாலெட்டி கொண்டுவந்த சாமான், கீழே தண்ணீர் கொதித்து ஆவியின் அழுத்தத்தில் பொடி வழியாக மேலே ஏறும், கெட்டியான நல்ல காப்பி. ஆனால் தீ வேண்டும், பக்கத்திலேயே நிற்கவும் வேண்டும். வீடு மாறினால் வாங்கிக்கொள்ளலாம்.

பிரெஞ்சு பிரஸ்ஸில் நாலு நிமிஷம் ஊற வைத்து அமுக்கினால் போதும், சுலபம்தான், ஆனால் அதற்குக் கொரகொரப்பாக அரைத்த பொடி வேண்டும். நம் கடைப் பொடியைப் போட்டால் அடியில் சேறு. கழுவுவதும் இம்சை, வாடகை அறையில் இருக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் கஷ்டம்.

ஏரோபிரஸ் உங்களுக்குப் பொருந்தும். பறக்கும் வளையத் தட்டு செய்துகொண்டிருந்த ஆலன் ஆட்லர் என்ற அமெரிக்கர் 2005இல் கொண்டுவந்தது, பெரிய ஊசிக்குழாய் மாதிரி இருக்கும். பொடி 15 கிராம், அதாவது குவியலாக இரண்டு மேசைக்கரண்டி, சுடுதண்ணீர் 200 மில்லி, கிண்டி ஒரு நிமிஷம் விட்டு மெதுவாக அமுக்கினால் காகிதத்தில் வடிந்து கோப்பைக்குள் இறங்கிவிடும். சக்கை வட்டமாகக் கட்டிபட்டு வரும், குப்பையில் தட்டிவிட்டு ஒரு துடைப்பு, வேலை முடிந்தது. நாலு பேர் வீட்டுக்கு இதைச் சொல்ல மாட்டேன், ஒரு தடவைக்கு ஒரு கோப்பைதான். தனி ஆளுக்கு இதைவிடச் சுத்தமானது இல்லை.

காசு இப்போது இல்லை என்றால், கடையில் கோப்பி ஓ பொட்டலம் கிடைக்கும், டீ பை மாதிரி நூல் கட்டியது. சுடுதண்ணீரில் போட்டு மூடி வைத்து மூன்று நிமிஷம். பலர் அதை அரை நிமிஷத்தில் எடுத்துவிட்டுத் தண்ணீராக இருக்கிறது என்கிறார்கள். அதில் இரண்டு வகை உண்டு தம்பி, சீனி சேர்த்தது, கோசோங் என்று போட்டிருக்கும் சீனி இல்லாதது, பார்த்து வாங்குங்கள். திரீ-இன்-ஒன் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள், எது அதிகமோ அதுதான் முதலில் எழுதியிருக்கும். சீனியும் கிரீமரும் முன்னால் நிற்கும், காப்பி பின்னால் வரும். உங்களுக்குச் சலித்தது அந்தச் சீனித் தண்ணீர்தான்.

பகல் ஷிப்டு, ராத்திரி ஷிப்டு என்று மாறி மாறி வருகிறவர்களுக்கு இன்னொரு வழி, பச்சைத் தண்ணீர்க் காப்பி. 80 கிராம் பொடிக்கு 640 மில்லி தண்ணீர், சாடியில் கலக்கி மூடி ஐஸ்பெட்டியில் 12 முதல் 16 மணி நேரம் வைத்து, காப்பித் துணியிலோ காகிதத்திலோ வடியுங்கள். பால் கலக்காமல் வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். குடிக்கும்போது அதே அளவு கொதிநீர் சேர்த்தால் சூடான காப்பி, புளிப்பும் கசப்பும் குறைவாக இருக்கும். இதற்குச் சீனி போட்டு வறுத்த கோப்பிப் பொடி வேண்டாம், வெறுமையாக வறுத்ததை வாங்குங்கள்.

கேள்வி: அம்மாவுக்குக் கொழுப்பு கூடியிருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள். காப்பியை நிறுத்த வேண்டுமா?
வாசகி, சிம்பாங் ரெங்கம்

பதில்: மருந்தைப் பற்றி டாக்டர்தான் சொல்ல வேண்டும். காப்பி போடும் முறையைப் பற்றி நான் சொல்கிறேன். காப்பிக் கொட்டையின் எண்ணெய்ப் பசையில் கபெஸ்டால் என்று ஒன்று இருக்கிறது, அது ரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டும். பொடியைக் கொதிக்கவிட்டு அப்படியே குடிப்பதிலும் பிரெஞ்சு பிரஸ்ஸிலும் அது நிறைய இறங்கும். காகிதத்தில் வடித்தால் பெரும்பகுதி காகிதத்திலேயே நின்றுவிடும். 1908இல் ஜெர்மனியில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற குடும்பப் பெண்மணி பிள்ளையின் பள்ளிக்கூட மை ஒற்றும் தாளில் காப்பியை வடித்துப் பார்த்து, காப்புரிமையும் வாங்கினார், அந்தக் காகித வடிதான் இன்றைக்கும். சின்னக் கூம்பு, காகிதம், மூன்று நிமிஷம். அம்மாவுக்கு அதில் வடித்துக் கொடுங்கள். டின் பாலைக் குறையுங்கள், அதில் பாதிக்குக் கிட்டச் சீனி.

கேள்வி: நான் இன்னும் ரப்பர் மரம் சீவப் போகிறேன் அம்மா, சொந்த நிலம் மூன்று ஏக்கர். நாலு மணிக்கே பால் காப்பி போட்டுப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு போனால் ஒன்பது மணிக்குத் திறக்கும்போது ஒரு மாதிரிப் புளிக்கிறது. பிளாஸ்கை மாற்ற வேண்டுமா?
லாயாங்-லாயாங் பெரியவர்

பதில்: ஐயா, பிளாஸ்க் பாவம், அதன் மேல் குற்றம் இல்லை. பாலை வெதுவெதுப்பான சூட்டில் ஐந்து மணி நேரம் அடைத்து வைத்தால் கிருமி பெருகத்தான் செய்யும், 60 டிகிரிக்குக் கீழே சூடு இறங்கிவிட்டால் அதற்குக் கொண்டாட்டம். பிளாஸ்கில் கறுப்புக் காப்பியை மட்டும் ஊற்றுங்கள், சீனி போடலாம். டின் பாலை ஒரு சின்னப் போத்தலில் தனியாக எடுத்துப் போங்கள், குடிக்கும்போது கலந்துகொள்ளலாம். காப்பி ஊற்றும் முன் பிளாஸ்கில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிஷம் மூடி வைத்துக் கொட்டிவிடுங்கள், உள்கூடு சூடாகிவிட்டால் ஒன்பது மணிக்கும் ஆவி பறக்கும். மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவுங்கள் ஐயா, பழைய பால் அதற்கடியில்தான் ஒளிந்திருக்கும். என் அப்பாவும் பெரட்டுக்கு (தோட்டத்தில் விடியலில் ஆள் கூட்டிப் பேர் எடுப்பதற்கு)ப் போகும்போது கறுப்புக் காப்பிதான் கொண்டு போவார், பால் காப்பி வீட்டுக்கு வந்த பிறகுதான்.

கேள்வி: கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகன் லீவுக்கு வந்தால், நம் ஊர்க் காப்பி மட்டமான லிபெரிக்கா வகை, அராபிக்கா வகைதான் காப்பி என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
பாலோ வாசகர்

பதில்: எனக்குத் தெரியும், சொல்கிறேன். அராபிக்காவுக்கு உயரமான மலையும் குளிரும் வேண்டும். ஜொகூர் மாதிரித் தாழ்ந்த, வெக்கையான நிலத்தில் வளர்ந்து காய்க்கிறது லிபெரிக்கா, மரமும் பெரிசு, கொட்டையும் பெரிசு. உலகக் காப்பியில் அது 2 சதவீதம்கூட வராது, அந்த அரிய காப்பி நம் வீட்டு வாசலில் காய்க்கிறது. குளுவாங் ரயில் நிலையத்துக் காப்பிக் கடை 1938இலிருந்து நடக்கிறது, எங்கெங்கிருந்தோ காடி (கார்) பிடித்து வந்து குடித்துவிட்டுப் போகிறார்கள்.

இன்னொன்றையும் மகனிடம் சொல்லுங்கள். நம் ஆட்கள் இந்த மண்ணுக்கு வந்தது பால்மரத்துக்காக, அதாவது ரப்பருக்காக, என்றுதான் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பால்மரத்துக்கு முன்னால் கரும்பும் காப்பியும்தான். 1869இல் இலைத்துரு நோய் இலங்கையில் தலைகாட்டி அங்கேயிருந்த காப்பியை அழிக்கத் தொடங்கியது, அங்கிருந்து துரைமார்கள் சிலர் இங்கே வந்து சிலாங்கூர், பேராக், நெகிரி செம்பிலான் பக்கம் காப்பி போட்டார்கள், அதில் லிபெரிக்காவும் உண்டு, கன்று நட்டதும் களை பிடுங்கியதும் தமிழ் ஆட்கள். 1890களின் நடுவில் பிரேசில் காப்பி மலையாகக் குவிந்து விலை விழுந்தது. 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் வியாபாரத்துக்காகப் பால்மரம் போட்டார், பல காப்பித் தோட்டங்களில் காப்பிச் செடிக்கு நடுவிலேயே பால்மரக் கன்று ஏறியது, அப்புறம் காப்பி மறைந்தது. செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது அதற்கும் பின்னால். உங்கள் மகன் மட்டம் என்று சொல்லும் காப்பியை அவனுடைய பூட்டனோ பூட்டியோ பறித்திருக்கலாம்.

மகன் சொல்வதில் ஒரு பாதி சரி என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். சீனியும் மார்ஜரினும் போட்டுக் கரியாக வறுத்தால் எந்தக் கொட்டையும் ஒரே மாதிரித்தான் இருக்கும், அதில் லிபெரிக்காவின் சொந்த வாசனை தெரியாது. இப்போது வெறுமையாக, இளம் வறுவலில் லிபெரிக்காவைத் தனியாகவும் விற்கிறார்கள். கால் கிலோ வாங்கி, காற்றுப் புகாத டின்னில் போட்டு, ஐஸ்பெட்டியில் வைக்காமல் நிழலில் வையுங்கள். அடுத்த லீவுக்கு மகன் வந்ததும் 15 கிராம் பொடியைக் காகித வடியில் போட்டு, கொதித்து அரை நிமிஷம் ஆறிய தண்ணீர் 240 மில்லியை மெதுவாகச் சுற்றி ஊற்றுங்கள். பாலும் சீனியும் வேண்டாம். பலாப்பழ வாசனை அடிக்கும். எந்த ஊர்க் காப்பி என்று குடித்து முடித்த பிறகு சொல்லுங்கள்.